ஆட்டுக்குப் பதவி உயர்வு: சைனாடவுன் கேபோக்கள் குறித்த ஒரு முன்னாய்வு

மாணவர்களில் எட்டு வகை உண்டு என்று நன்னூல் செய்த பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே முடிவு கட்டிவிட்டார். அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை நான்கும் கடை. இதில் ஆடு செய்த குற்றம் என்ன என்பதை உரையாசிரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். அது ஒரே செடியில் நின்று வயிறு நிறைய மேயாதாம். இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று செடி செடியாகப் போய்க்கொண்டே இருக்குமாம். ஓர் ஆசிரியரிடம் அமர்ந்து முழுக்கக் கற்காமல், கண்டவரிடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கேட்டுத் திரிகிறவன் அந்த ஆட்டுக்குச் சமம். ஆகவே அவனுக்குக் கடைசி பெஞ்சு.

இந்தத் தீர்ப்பின்மேல் ஏறக்குறைய 800 ஆண்டுகளாக யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. அக்குறையைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம், சிங்கப்பூர் சைனாடவுன். ஆய்வுப்பொருள், அங்கே திரியும் கேபோ.

கேபோ பற்றி வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். சீனர் பேச்சிலிருந்து கிளம்பி இந்தத் தீவின் எல்லா வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்ட வசை அது. தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் தலையை நீட்டுகிறவர் கேபோ. "ரொம்ப கேபோ பண்ணாதே" என்று தமிழ்த் தாய்மாரும் பிள்ளைகளை அதட்டுவார்கள். ஆனால் இந்த ஒரே வசை இரண்டு வேறு வேறு ஆட்களின் மேல் விழுகிறது. ஒருவர் ஆளை விசாரிப்பவர்: மாசம் எவ்வளவு, எந்த புளோக், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இன்னொருவர் வேலையை விசாரிப்பவர்: மீனை ஏன் குறுக்கே கீறுகிறீர்கள், அந்தத் துணிப்பை எதற்கு, இந்தப் பெட்டியில் என்ன. முன்னவர் ஆள்கேபோ எனவும் பின்னவர் வேலைக்கேபோ எனவும் இங்கே குறிக்கப்படுவர். ஆய்வாளரின் அனுதாபம் முழுக்கப் பின்னவர் பக்கம்தான். நடுநிலை என்று நடிக்க விருப்பமில்லை. முன்னவருக்குக் கல்யாண மண்டபங்கள் போதும்.

ஏன் சைனாடவுன், இந்தியர் பேட்டையான தேக்காவில் செய்திருக்கலாமே என்று நெறியாளர்கள் கேட்கக்கூடும். தேக்காவில் நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருக்கிறது. அது தரவைக் கெடுக்கும். சைனாடவுனிலோ எம்ஆர்டி நிலையத்துப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தைப் படித்து முடித்த கணமே நம்முடைய படிப்பு தீர்ந்துவிடுகிறது. மேலே ஏறி வந்தால் பகோடா ஸ்திரீட். பெயரைப் பார்த்துப் புத்தர் கோயில் தேடுகிறவர்கள் உண்டு. அந்தப் பகோடா நம்முடைய மாரியம்மன் கோயில் கோபுரம். டெம்பிள் ஸ்திரீட்டில் இருக்கிற டெம்பிளும் அதுவே. மோஸ்க் ஸ்திரீட், 1826இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலால் பெயர் பெற்றது. சீனர் பேட்டையில் அடுத்தடுத்து மூன்று தெருக்களின் பெயருக்கு நம்மவர் காரணமாக இருந்திருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் ஆண்டுக்கணக்காகக் காந்தப் பொம்மை பேரம் பேசிவிட்டு, இதைக் கேட்காமலே வீடு திரும்பும் தமிழர்களை ஆய்வாளர் நேரில் அறிவார்.

முன்னோடிகளைக் குறிப்பிடாமல் ஆய்வேடு நகராது. முதல்வர் அக்கோயிலைத் தொடங்கிய நாராயண பிள்ளை. பினாங்கில் எழுத்தராக இருந்தவர், 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்சுடன் இங்கே வந்து இறங்கினார். இறங்கியவர் ஊரில் வீடு கட்டச் செங்கல் இல்லை என்பதைக் கவனித்து, சூளை போட்டார். பிறகு துணி வியாபாரம். 1822இல் கடை எரிந்தது. கடனிலிருந்து எழுந்து மறுபடி வியாபாரம். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரமும் கீற்றுமாகக் கோயில். எழுத்து, செங்கல், துணி, கோயில் என்று நான்கு செடிகள். பவணந்தியார் இவரை எந்த வரிசையில் உட்கார வைத்திருப்பார் என்பதில் ஐயமே இல்லை.

இரண்டாமவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், தமிழ் ரத்தமும் கலந்தவர். சிறுவயதில் தமிழ் படித்தார், கணக்கு வழக்குக்கு அது வேண்டியிருந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்து அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். முன்ஷி என்ற பட்டமே சிப்பாய்கள் கொடுத்ததுதான். பாதிரிமாரிடம் ஆங்கிலம். இது போதாதென்று, சீனர்களின் ரகசியச் சங்கம் எப்படி ஆள் சேர்க்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, சிங்கப்பூரின் உட்காட்டில் இருந்த அவர்களுடைய கொட்டகைக்கே போய், மறைந்திருந்து பார்த்து, பார்த்ததையெல்லாம் 1849இல் அச்சான தன்வரலாற்றில் எழுதியும் வைத்தார். சம்பந்தமில்லாத இடத்தில் தலையை நீட்டுவது என்ற இலக்கணம் இவரிடத்தில் தலை போகும் எல்லையைத் தொட்டிருக்கிறது. மலாய் உரைநடையின் புது வழிக்கு இவரைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

சீனர் தரப்பிலும் ஒரு சாட்சி உண்டு. கன்பூசியஸ் பேராலயத்துக்குள் போனபோது கண்ணில் பட்டதையெல்லாம் இது என்ன, அது என்ன என்று விசாரித்துக்கொண்டே இருந்தாராம். சடங்கு தெரிந்தவர் என்று யார் சொன்னது என்று ஒருவர் கேலி பேச, இப்படிக் கேட்பதுதான் சடங்கு என்று சொல்லிவிட்டாராம். அவருடைய சீடர்கள் தொகுத்த நூலில் இருக்கிறது. கன்பூசியசைக் கேபோ என்று அழைப்பதற்குச் சைனாடவுன் இன்னும் தயாராகவில்லை.

இனிக் களத் தரவு. கிரேத்தா ஆயர் சதுக்கத்தில், உணவங்காடிக் கட்டடத்துக்கு வெளியே, மேசைகளைச் சுற்றிப் பெரியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுவார்கள். ஆடுகிறவர் இருவர், நிற்கிறவர் பத்துப் பேர். வேலைக்கேபோவைப் படிக்க இதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் கிடையாது. நம்மூர்ச் சதுரங்கம் தெரிந்த தமிழர் முதலில் தலை சுற்றிப் போவார். காய்கள் கட்டத்துக்குள் நிற்பதில்லை. கோடுகள் வெட்டும் புள்ளிகளில் நிற்கின்றன. நீள வாட்டில் 9 கோடு, குறுக்கே 10, மொத்தம் 90 புள்ளிகள். நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. யானை மூலைவாட்டில் இரண்டு புள்ளி போகும், ஆனால் ஆற்றைத் தாண்டாது. ஆயுள் முழுக்க இக்கரையில் நின்று சொந்த வீட்டைக் காப்பதே அதன் வேலை. குதிரை நம் குதிரை மாதிரிதான், ஆனால் காலடியில் ஒரு காய் நின்றுவிட்டால் அந்தப் பக்கம் துள்ள முடியாது. பீரங்கி என்று ஒன்று உண்டு. நடுவில் எவனாவது ஒருவன் நின்றால்தான் அவனுக்கு மேலாகப் பாய்ந்து அடிக்கும், வெட்டவெளியில் யாரையும் தொடாது. எல்லாவற்றையும்விட ஒரு விதி ஆய்வாளரின் மனத்தைக் கவர்ந்தது. இரு தளபதிகளும் நடுவில் யாரும் இல்லாமல் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளக் கூடாது. சம்பந்தி வீட்டு விவகாரம் தெரிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் எதையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பலகைகள் பலவற்றில், வேடிக்கை பார்ப்பவன் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் கண்ணியவான் என்ற பொருளில் ஆற்றங்கரையிலேயே சீனத்தில் அச்சடித்திருக்கும். அதை மதிக்கிற ஒருவரையும் ஆய்வாளர் கண்டதில்லை. ஒருவர் பீரங்கியைத் தள்ளினால், பின்னால் நிற்கும் கேபோ "ஐயா" என்று தலையில் அடித்துக்கொள்வார். இன்னொரு கேபோ அது சரியான ஆட்டம்தான் என்று அவரோடு சண்டைக்குப் போவார். முதல்வர் கையை நீட்டிக் காயையே நகர்த்திக் காட்டுவார். அந்தச் சண்டைதான் பாடம். மொழி தெரியாதவருக்கும் விரல் எங்கே போகிறது, முகம் எப்போது சுளிக்கிறது என்பது தெரியும். கண்ணியவான்கள் மட்டும் நின்றிருந்தால் தமிழர் எவரும் இந்த ஆட்டத்தைக் கற்றிருக்க முடியாது.

கோப்பிக்கடைத் தரவு இவ்வளவு செழிப்பில்லை, ஆனால் நறுமணமுள்ளது. கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து வறுப்பதால்தான் அந்தக் கருப்பு என்பது இரண்டு வெள்ளி செலவழித்துக் கேட்டால் கிடைக்கும் தகவல். ஒரு குவளை கேட்க மூன்று நான்கு பாஷை வேண்டும். பால் வேண்டாம் என்பதற்கு ஹொக்கியனில் ஓ, சர்க்கரையும் வேண்டாம் என்பதற்கு மலாயில் கோசோங். மைலோவுக்குத் 'தாக் கியூ', பந்து உதைத்தல் என்று பெயர். டப்பாவில் கால்பந்து படம் இருந்ததால். நீண்ட துணிப்பையில் வடிக்கும் அந்த வித்தையின் முன் நிற்கும்போது, பவணந்தியாரின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பன்னாடைக்கும் அநீதி நடந்திருப்பது புலப்படும். நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிறது என்று அதன்மேல் குற்றச்சாட்டு. கோப்பிக்கடைத் துணிப்பை செய்வதும் அதையேதான், அதற்குத்தான் நாம் வரிசையில் நிற்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் கோப்பி கிடைக்கவில்லை என்பதைக் கருத்தில் கொண்டு முனிவரை மன்னிக்கலாம்.

தரவு முரண்பாடும் உண்டு. கோப்பி சி என்றால் ஆவியாக்கிய பால் ஊற்றியது. அந்தச் சி எங்கிருந்து வந்தது? கார்னேஷன் என்ற பால் டப்பாவின் முதலெழுத்து என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர், அது ஹைனான் பேச்சில் புதிய பால் என்பதற்கான சொல் என்றார், அவரும் அடித்துத்தான் சொன்னார். கேட்டறிகிற கல்வியில் இந்த ஆபத்து நிரந்தரம். திருவள்ளுவர் இதை எதிர்பார்த்தே அதிகாரங்களை அடுக்கியிருக்கிறார் போலும். 42ஆவது கேள்வி, 43ஆவது அறிவுடைமை. காதில் விழுந்ததைச் சலித்துப் பார்க்கச் சொல்லும் 423ஆம் குறள் கேள்வி முடிந்த பிறகுதான் வருகிறது. முதலில் சலித்துவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று காத்திருக்கிறவருக்கு அவர் அதிகாரம் எதுவும் ஒதுக்கவில்லை.

மருந்துக்கடையைப் பற்றி ஒன்றே ஒன்று. நூற்றுக்கணக்கான சிறு இழுப்பறைகளுக்கு நடுவே, கோலில் குண்டு தொங்கும் ஒற்றைத் தட்டுத் தராசில், நம் தாத்தாக்கள் வெள்ளிக்கோல் என்ற அதே வகையில், கடைக்கார அம்மாள் ஏதோ மஞ்சள் வேர்ச் சீவலை நிறுத்துக்கொண்டிருந்தார். "ஆன்ட்டி, திஸ் ஒன் வாட் ஆ?" ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அதிமதுரம். அடுத்த இழுப்பறையில் சுக்கு, அதற்கடுத்ததில் பட்டை.

அந்த வேர் இலவசமாகக் கிடைக்கவில்லை. சைனாடவுனில் கேள்விக்குச் சுங்கம் உண்டு. மதிய உணவு நேரத்தில் கேட்டால் திட்டு, மூன்று மணிக்குக் கேட்டால் பதில். ஏதாவது வாங்கிக்கொண்டு கேட்பது முறை. அதற்கும் முன்னால் அவர்கள் கேட்பதற்குச் சொல்லியாக வேண்டும்: நீ இந்தியாவா, சிங்கப்பூரா? எத்தனை பிள்ளை? சாப்பிட்டாயா? ஆள்கேபோவுக்கு விடை தந்தவருக்கே வேலைக்கேபோவின் கதவு திறக்கிறது. ஆகவே கல்யாண மண்டபத்துக்கு அனுப்பிவைத்த முன்னவரை வாசற்காவலர் என்ற அளவில் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆட்சேபங்கள் இரண்டு. கைப்பேசியில் எல்லாம் இருக்கிறதே என்பது ஒன்று. கைப்பேசி வாயில் அதிமதுரம் போடாது, மேலே செல்வோம். மற்றது கனமானது: இப்படி நுனிப்புல் மேய்ந்தால் எதில்தான் தேர்ச்சி வரும்? வராது. சதுரங்க மேசையில் ஒரு வருடம் நின்றவர் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க மாட்டார். ஒரே கடையில் நாற்பது ஆண்டு ஒரே குழம்பை வைத்தவர் பசு, அவரிடம் போட்டி போட ஆட்டுக்கு எண்ணமில்லை. ஆனால் பசுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அபூர்வம். மருந்துக்கடை அம்மாளிடம் இருப்பது நம் நாட்டு மருந்துக்கடைக்காரரிடமும் இருக்கிறது என்ற செய்தியை ஒரு தெருவிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து போவது செடி மாறி மேய்கிற பிராணிதான். எனவே இவ்வாய்வு ஆட்டுக்குத் தலை இடம் கோரவில்லை. இடை வரிசையில், கிளிக்குப் பக்கத்தில், ஓர் இருக்கை போதும். சொன்னதைத் திருப்பிச் சொல்வதைத் தவிர வேறெதுவும் செய்யாத கிளிக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பதை டியூஷன் நிலையங்கள் நிறைந்த இந்தத் தீவு என்றாவது விசாரிக்க வேண்டும். சீனர்கள் தங்கள் பன்னிரண்டு ஆண்டுச் சுற்றில் ஆட்டுக்கு ஒரு முழு ஆண்டே கொடுத்திருக்கிறார்கள் என்பதும் பதிவு செய்யத்தக்கது. 2015 அதனுடையது, அடுத்தது 2027. அன்னத்துக்கும் கிளிக்கும் அங்கே ஒன்றும் இல்லை.

எஞ்சியது வாய்மொழித் தேர்வு. அது கிரேத்தா ஆயர் சதுக்கத்திலேயே நடந்தது. தேர்வாளர், எண்பதைத் தொட்ட ஓர் அங்கிள். சம்பளம், வீட்டு வாடகை, மனைவிக்கு வேலை உண்டா, இப்படி எழுதினால் எவ்வளவு தருவார்கள் என்பன முதற்சுற்று. கடைசிக்கு விடை சொன்னபோது அவர் அனுதாபத்தோடு தன் கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

பிறகு, பலகையைப் பார்த்துக்கொண்டே, உங்கள் இந்தியச் சதுரங்கத்தில் யானை எப்படிப் போகும் என்று கேட்டார். நேராகப் போகும் அங்கிள், வழி இருந்தால் எவ்வளவு தூரமும் போகும். ஆறு வந்தால்? ஆறே கிடையாது. அவர் திரும்பி மற்றவர்களிடம் கான்டனீசில் சொன்னார். ஆட்டம் நின்றது. சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆய்வாளரைப் பார்த்தார்கள்.

"யானையெல்லாம் சண்டைக்குப் போயிட்டா," என்றார் அங்கிள், "வீட்டுல ராஜாவை யார் பார்த்துக்குறது?"