மீட்டரு எச்சாக் காட்டுதாமா!

ஏங் கண்ணு, வண்டி மீட்டரு பொய் சொல்லுதுங்கற வெசனத்துல சோறே எறங்கலயாமா? மீட்டருல முள்ளு 60ல நிக்குது, கைப்போனு 55ங்குது. அந்த அஞ்சைக் காணோம்னு வண்டி வாங்குன எடத்துல போயி நாயம் பேசிப்போட்டு வந்தயாமா. பெரியநாயக்கன்பாளையத்துல பொறந்துபோட்டு இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

அந்த அஞ்சு எங்கயும் தொலையல சாமி. வேணும்னேதான் எச்சா வெச்சிருக்கறாங்க.

ஐ.நா. சபையில வண்டிகளுக்குன்னு போட்ட விதியில 39ஆம் நெம்பரு மீட்டருக்கு. மீட்டரு காட்டற வேகம் நெச வேகத்தவிட ஒருக்காலும் கம்மியா இருக்கப்படாது. எச்சா இருக்கலாம். எத்தனை எச்சா? நெச வேகத்துல பத்துல ஒரு பங்கு, அதுக்கு மேல ஒரு நாலு கிலோமீட்டரு. நெசமா 60ல போறவனுக்கு 70 வரைக்கும் காட்டலாம். 59 காட்டினா செல்லாது. நம்ம நாட்டுல 1989ஆம் வருசத்து மத்திய மோட்டார் வாகன விதியில 117வது விதி, வண்டிக்கு மீட்டரு இருக்கோணும்ங்குது. அது இருக்குதான்னு பாக்காம, அதுல அஞ்சு இருக்குதான்னு பாக்கற மொத ஆளு நீதான் போல.

கம்மியாக் காட்டறதுக்கு அவனுக ஏன் பயப்படறாங்க? யோசிச்சுப் பாரு. உன்ற டயருல காத்து எத்தனைன்னு மீட்டரு பண்ணுனவனுக்குத் தெரியுமா? டயரு புதுசா மொட்டையா, பின்னால ஆளு மட்டும் ஏறுமா, அரிசி மூட்டையும் ஏறுமா, என்னத்தக் கண்டான் அவன்? எல்லாத்துக்கும் சேத்து முள்ளச் சித்த மேல தூக்கி வெச்சுட்டான். நீ 60ன்னு நெனச்சுக்கிட்டு 65ல போயி போலீஸ்காரர் கருவியில மாட்டிக்காம இருக்கறது அந்தப் புண்ணியத்துலதான். உனக்கு நல்லது பண்ணுனவன் மேலயே பிராது!

எங்காலத்து மீட்டரப் பாத்திருக்கோணும் நீ. முன் சக்கரத்துல இருந்து ஒரு கேபிளு வரும். அது சுத்துனா உள்ளுக்குள்ள ஒரு காந்தம் சுத்தும். காந்தத்துக்கு மேல ஒரு அலுமினியக் கிண்ணம். ரெண்டும் தொட்டுக்காது, ஆனா காந்தம் சுத்தற வேகத்துல கிண்ணத்துக்குள்ள மின்னோட்டம் கெளம்பி, அதையும் கூட இழுக்கும். ஒரு மயிரிழைச் சுருளு வேண்டாம் வேண்டாம்னு புடிச்சு நிறுத்தும். அந்த இழுபறியில முள்ளு எங்க நிக்குதோ அதுதான் வேகம். ஓட்டோ ஷுல்ட்சேன்னு ஒரு ஜெர்மன்காரர் 1902ல இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டாரு. சுருளு தளந்தா முள்ளு எச்சாக் காட்டும், காந்தம் தளந்தா கம்மியாக் காட்டும். கேபிளு காஞ்சு போனா முள்ளு சாமியாடும். கேபிள உருவி கிரீஸ் தடவுனாப் போதும், சாமி மலையேறிரும். எத்தனை கிலோமீட்டரு ஓடுச்சுங்கற கணக்கு மட்டும் தனிப் பல்சக்கரத்துல ஓடும்; முள்ளு என்ன ஆட்டம் ஆடுனாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருக்கும்.

இப்ப அந்தக் கேபிளும் இல்ல, கிண்ணமும் இல்ல. சென்சாருங்கறாங்க. சில வண்டியில சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்குது, சில வண்டியில கியர் பொட்டியில. உன்ற வண்டியில எங்க இருக்குதுன்னு பாத்தயா? பாக்கலையே! உன்ற சேத்தாளி ஒருத்தன், டயரு பெருசாப் போட்டா மீட்டரு சரியாயிரும்னு எவனோ சொன்னான்னு, பின்னால தடி டயரா மாட்டிக்கிட்டுத் திரியறான். அவன் வண்டிக்கு அளவெடுக்கறது முன் சக்கரத்துல கண்ணு. பின்னால லாரி டயரே மாட்டுனாலும் மீட்டருக்குச் சேதி போகாது. டயருக்குப் போன காசு போனதுதான்.

இதுல நீ வெளிநாட்டுல இருந்து ஏதோ பொட்டி வரவழைக்கப் போறயாமா? சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவால சொருகி, இத்தனை சதவீதம் கொறைன்னு சொன்னா அது கொறைக்குமாமா. கலங்கல்ல பொறந்த நம்ம ஜி.டி. நாயுடு, ஓட்டல்ல வேலை பாத்துச் சேத்த காசுல ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள வாங்கி, அக்கக்காக் கழட்டி மாட்டிப் பழகுனவரு. நீ சீட்டுக்கு அடியில என்ன இருக்குதுன்னே பாக்கல, நேராப் பொட்டிக்குப் போயிட்ட.

சரி, மாட்டுனயின்னே வெச்சுக்குவோம். அப்பறம் நடக்கறதக் கேளு. பல வண்டியில வேகத்த மட்டுந்தான் எச்சாக் காட்டறாங்க. ஓடுன கிலோமீட்டரு கணக்கு கிட்டத்தட்ட நேர்மையாத்தான் ஓடும். ரெண்டுக்கும் சேதி ஒரே சென்சாருல இருந்து போகுது. நீ பொட்டியில நூத்துக்கு எட்டு கொறைச்சா, இங்கயும் எட்டு கொறையும். நூறு கிலோமீட்டரு ஓடுன வண்டி 92ன்னு எழுதிக்கும். நேத்து வரைக்கும் லிட்டருக்கு 45 குடுத்த வண்டி இன்னைக்கு 41 ஆயிருச்சுன்னு பெட்ரோல் பங்குல போயிச் சண்டை கட்டுவ. ஒரு பொய்யத் திருத்தி இன்னொரு பொய்யப் பெத்து வெச்சுக்குவ. அதுக்கொரு பொட்டி தேடுவயா?

இன்னொண்ணும் இருக்குது. 120 தொட்டேன், 120 தொட்டேன்னு டீக்கடையில தம்பட்டம் அடிச்சயே, மீட்டரு நேரானா அது 110 ஆயிரும். பரவால்லயா? செட்டிபாளையத்துல கரிவரதன் பேருல இருக்கற ரேஸ் மைதானம் ஒரு சுத்து 2.1 கிலோமீட்டரு. அங்க ஓட்டறவங்க ஒரு சுத்துக்கு எத்தனை செகண்டுன்னுதான் பேசிக்குவாங்க. ரேஸ் வண்டியில பெரும்பாலும் வேகமானியே இருக்காது, எஞ்சின் சுத்தறதக் காட்டற மீட்டரு மட்டுந்தான். நெசமா வேகமாப் போறவனுக்கு வேண்டாத சாமான், துடியலூர் சிக்னல்ல நிக்கற உனக்கு எதுக்கு இத்தனை துல்லியமா வேணும்?

இந்த ஊருல லட்சுமி மிஷின் ஒர்க்ஸ் கம்பெனி 1962ல வந்தது. அப்ப இருந்து எத்தனை குடும்பம் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் புடிச்சுப் பொழச்சிருக்குது! வெர்னியருல ஜீரோவே தள்ளி நின்னா என்ன பண்ணுவோம்? எத்தனை தள்ளுதுன்னு பாத்து, அதக் கழிச்சு எழுதிக்குவோம். வெர்னியரத் தூக்கிக் கெணத்துல போட்டா சூப்பர்வைசர் நம்மளையும் கூடவே போட்டிருவாரு.

அதயே நீயும் பண்ணு. விடிகாலையில, நீலாம்பூருக்கு அக்கட்டால, அவிநாசி ரோட்டுல சந்தடி இல்லாத நேரமாப் பாத்துப் போ. பின்னால ஒருத்தன உக்கார வெச்சு, கடிகாரத்த அவங்கையில குடுத்திரு. நீ ரோட்டப் பாரு. மீட்டருல 60 மாறாமப் புடிச்சு, ஒரு கிலோமீட்டர் கல்லுல கணக்க ஆரம்பிச்சு, அதுக்கப்பறம் கல்லு அஞ்சு தாண்டு. ஒத்தக் கல்ல நம்பாத, நட்டவன் நாலு அடி தள்ளி நட்டிருப்பான். நெசமா 60ன்னா 300 செகண்டு ஆகோணும். 327 ஆச்சுன்னா? 18,000த்த 327ஆல வகு. 55 வரும். கைப்போனும் அதத்தான் சொல்லுச்சு, சும்மாவே சொல்லுச்சு. நேர் ரோட்டுல, வானம் தெரியற எடத்துல, ஒரே வேகத்துல போனா அதச் சந்தேகப்பட வேண்டாம். பர்லியாறு மரத்தடியில கொண்டை ஊசி வளைவுல திரும்பறப்பப் பாத்துப்போட்டு, அதுவும் பொய்யின்னு அழுவாத.

மீட்டரு கம்மியாக் காட்டுனா மட்டும் உடனே வண்டிய நிறுத்திப் பாரு. முன்னால பெரிய டயரு போட்டவனுக்கு அப்படி ஆகலாம், அது ஆபத்து. முள்ளு தாவித் தாவி ஓடுனாலும், செத்துப் போயி நின்னாலும் சென்சாரையும் ஒயரையும் மெக்கானிக்குகிட்டக் காட்டு. மத்தபடி ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் மீட்டரு கோணலு.

அது இருக்கட்டும், உன்ற முன் டயரப் பாத்தயா? வழுக்கைத் தலையாட்டப் பளபளங்குது. டயரு தேஞ்சாச் சுத்தளவு கொறையும், அதே தூரத்துக்கு எச்சாச் சுத்தும், மீட்டரு இன்னும் எச்சாக் காட்டும். 600 மில்லி ஒசரமுள்ள டயருல 5 மில்லி தேஞ்சா ஒசரத்துல 10 மில்லி போச்சு, நூத்துக்கு ஒண்ணரைக்கு மேல. நீ தேடற அஞ்சுல ஒண்ணு அங்கதான் ரோட்டோட கரைஞ்சு கெடக்குது. பொட்டிக் காசுல மொதல்ல அந்த டயர மாத்து. டயர் கடைக்குப் போற வழியில அமுச்சிக்குத் தைலம் ஒண்ணு வாங்கிட்டு வா. மீட்டருல 40 தாண்டாமப் போ. நெசத்துல எத்தனைன்னு நான் கேக்க மாட்டேன்.