கம்பியூட்டர் மாத்தப் போற மருமகனுக்கு

வாங்க மருமகனே, இப்படித் திண்ணையில உட்காருங்க. தெல்தெனிய ரோட்டில் கார் ரெண்டு தரம் இருமிச்சாம், நின்னுச்சாம். கராஜ் பாஸ் பொனட்டைக்கூடத் திறக்காம, "எஞ்சின் கம்பியூட்டர் போச்சு"ன்னாராம். நீங்களும் பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளுக்குப் பஸ் ஏறக் கிளம்பிட்டீங்களாம். கெட்டிக்காரர்தான்!

உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து 2025 தொடக்கத்தில் மறுபடி திறந்துவிடும் வரைக்கும், இந்த நாட்டில் பழைய கொரோலாவுக்கு இருந்த மரியாதை எனக்கு எங்க வீட்டிலேயே இருந்ததில்லை. அதுக்கு ஒண்ணுன்னா மனசு பதறத்தான் செய்யும்.

ஆனா, ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஒன் பண்ணினீங்களே, மீட்டரில் எஞ்சின் லைட் எரிஞ்சுதா? கவனிக்கலையா? சரிதான், அந்த நேரம் போன்ல இருந்திருப்பீங்க. அது எரியலைன்னா கம்பியூட்டர் பெட்டிக்குக் கரண்டே போகலையோ என்னவோ. முதலில் பியூஸ், மெயின் ரிலே, ஏர்த் வயர் மூணையும் பார்க்கணும். பாடியில் முறுக்கியிருக்கிற ஏர்த் நட்டில் துரு பிடிச்சா, நல்ல கம்பியூட்டரும் பைத்தியம் மாதிரித்தான் நடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க என்ன செலவு? பாஸுக்கு அதில் வருமானமில்லை, அவ்வளவுதான்.

லைட் எரிஞ்சும் வண்டி கிளம்பலையா? சென்சாருக்குப் போற 5 வோல்ட்டை மீட்டர் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. அந்த 5 வோல்ட் வரலைன்னா சென்சார் பிளக்கை ஒவ்வொண்ணாக் கழட்டச் சொல்லுங்க. எதைக் கழட்டினதும் 5 வோல்ட் திரும்பி வருதோ, அதுதான் கள்ளன். பெட்டி பாவம், பழி சுமக்குது.

பெட்டி நிஜமாவே சாகும், இல்லேன்னு சொல்லலை. பல ஜப்பான் கார்களில் அது இடப்பக்கக் காலடியிலோ குளோவ் பெட்டிக்குப் பின்னாலோதான் இருக்கும். 2023 செப்டம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் நம்ம பல்லேகல ஸ்டேடியத்திலிருந்து பாதி ஆட்டத்தோட வீட்டுக்கு அனுப்பின மழை, உங்க முன்கண்ணாடி ரப்பருக்கா பயப்படப் போகுது? கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. ஈரமா இருந்தா, ஒழுக்கை அடைக்காம புதுப் பெட்டி போடுறது அதையும் குளிப்பாட்டத்தான். 90களின் தொடக்கத்து மிட்சுபிஷிகளில் பெட்டிக்குள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் கசிஞ்சு சர்க்கிட் பலகையை அரிக்கும். மீன் நாத்தம் அடிச்சா அதுதான். பலகை ரொம்ப அரிச்சுப் போகலைன்னா, கெப்பாசிட்டரை மாத்தினாலே பல தடவை பிழைச்சிடும்.

எல்லாம் பார்த்தும் மாத்தித்தான் ஆகணுமா, மாத்துங்க. "கொரோலா பெட்டி ஒண்ணு குடுங்க"ன்னு மட்டும் கடையில் கேட்காதீங்க, சிரிப்பாங்க. டொயோட்டான்னா மேலே 89661ன்னு தொடங்கும் நம்பர் இருக்கும். கடைசி எழுத்து வரைக்கும் ஒத்து வரணும். ஓட்டோ கியருக்கு ஒண்ணு, மெனுவலுக்கு வேற ஒண்ணு. சாவியில் சிப் இருக்கிற மாடல்னா, வேற கார்ப் பெட்டி உங்க சாவியை அடையாளம் தெரியாதுன்னு கையை விரிச்சிடும். சாவியும் சேர்த்து வாங்கணும், இல்லேன்னா புரோகிராம் பண்ணத் தெரிஞ்சவரைப் பிடிக்கணும். பெட்டியைக் கழட்டுறதுக்கு முன்னால பெட்டரி மைனஸைக் கழட்டச் சொல்ல மறந்துடாதீங்க.

கடைக்குப் போறதுன்னா பழைய பெட்டியைக் கையோட கொண்டு போங்க, பாஸ்கிட்ட விட்டுட்டுப் போகாதீங்க. வேலை செய்யலைன்னா திருப்பி எடுப்போம்னு பில்லில் எழுதித் தராத கடையில் காசைக் கட்டாதீங்க.