படுக்கையில் ஒருவர், மசக்கையில் ஒருத்தி: குடும்பத்தாருக்கு ஒரு கையேடு

மாமனார் பக்கவாதத்தில் விழுந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். அதே வீட்டில் மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டதே என்று யாரும் கலங்க வேண்டாம். நேற்றுவரை பார்த்துக்கொண்டவளே இனியும் பார்த்துக்கொள்வாள். கீழே சொல்லியிருப்பதை மற்றவர்கள் சிரத்தையாகக் கடைப்பிடித்தால் போதும்.

முதலில் ரகசியம். மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது, கண் பட்டுவிடும். இதில் ஒரு சௌகரியமும் உண்டு. ஊருக்குத் தெரியாத கர்ப்பத்துக்கு ஒத்தாசை கேட்க முடியாது. வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு, “பாத்து நடம்மா” என்று சொல்லிக்கொள்ளலாம். கரு தரித்த நான்கு வாரத்துக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழல் மூடிவிடுகிறது, ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தரிக்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்றெல்லாம் டாக்டர்கள் சொல்வார்கள். அவர்களுக்குக் கண் திருஷ்டியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு, அதற்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று தெரிந்தால் ரகசியத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்குக் கொள்ளிக்கண் கிடையாது.

அந்தத் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் வரும். பங்கீடு இப்படி: நெய் பிள்ளையாண்டானின் தோசைக்கு. பேரீச்சம்பழம் லீவுக்கு வந்திருக்கும் நாத்தனார் குழந்தைகளுக்கு. சத்துமாவு மாமனாரின் கஞ்சிக்கு. இரும்புச்சத்து டானிக் மட்டும் மருமகளுக்கே. வேறு யாரும் அதைக் குடிக்க மாட்டார்கள்.

இனி நோயாளியைப் புரட்டுவது. இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும். பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே குறுக்காக விரித்து, கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தபோது நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். மருமகள் கற்றுக்கொண்டாள். ஆகவே அவள் கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, மாமனாரின் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, தனியாளாகவே புரட்டுவாள். இரண்டாவது ஆள் கூடத்தில் கிரிக்கெட் பார்க்கலாம். அவள் வியர்க்க விறுவிறுக்க வெளியே வரும்போது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கூப்பிட்டிருக்கலாமே” என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வார்த்தையில்தான் பல குடும்பங்கள் நடந்துகொண்டிருக்கின்றன.

அடுத்து கஞ்சி. மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பதென்றால் தலைமாட்டை உயர்த்திவைத்து, திப்பியில்லாமல் வடிகட்டி, சிரிஞ்சில் மெதுவாக இறக்கி, கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரமாவது அவரைச் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். மருமகளுக்கோ ஆறாவது வாரத்தில் தொடங்கிய குமட்டல் ஒன்பதாவது வாரத்தில் உச்சத்தில் நிற்கும். கஞ்சி வாசனை ஆகாது, டெட்டால் ஆகாது, டயப்பர் மாற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினால் மாமியார் சொல்ல வேண்டியது: “நாங்கல்லாம் பெத்துக்கலையா?” கருவிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் இந்தக் குமட்டலுக்கு முக்கியக் காரணம் என்று 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. அதை யாராவது எடுத்துச் சொன்னால், “அந்த ஹார்மோன் எங்க காலத்துலயும் இருந்துச்சு” என்று மாமியார் சொல்லிவிடலாம். உண்மைதான், இருந்தது. அவரும் அன்றைக்குப் பின்கட்டுக்கு ஓடியிருப்பார்.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கையேட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போனாலோ, ரத்தம் பட்டாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்து மயக்கம் வந்தாலோ ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கரு சினைக்குழாயிலேயே தங்கிவிட்டிருந்தால் உயிருக்கு ஆபத்து. உடனே 108க்குப் போன் செய்யுங்கள், பழியை யார்மேல் போடுவது என்பதை வந்து பேசிக்கொள்ளலாம்.

கரு கலைந்துவிட்டால் பழிக்கு வழக்கமாகப் பப்பாளி அகப்படும். ஸ்கூட்டியும் அகப்படும். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு, அதில் யார் கையிலும் எதுவும் இல்லை. ஆனால் துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் குரோமோசோமைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? பப்பாளி சுருக்கமான பதில்.

வெளியூரில் இருக்கும் நாத்தனாரின் பங்கு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தொடங்கி அதிலேயே முடிகிறது. “அண்ணி, போனை அப்பா முகத்துக்குக் கிட்ட காட்டுங்க. என்ன இப்படி இளைச்சுட்டாரு? சரியா சாப்பாடு கொடுக்கறீங்களா?” போனைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று கேட்கக் கூடாது.

கணவன்மார் வீட்டு வேலையில் பங்கெடுப்பதில்லை என்பது அபாண்டம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: வீட்டு வேலை செய்கிற ஆண்கள் அதில் நாளொன்றுக்கு 97 நிமிடம் செலவழிக்கிறார்கள். பெண்களுக்கு 299 நிமிடம் என்று அடுத்த கட்டத்தில் போட்டிருக்கும். அந்தக் கட்டத்தைப் படிக்காமல் விடுவது நல்லது.

அவள் ராத்திரி தூங்காமல், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாளா? மசக்கைக்காரி அப்படித்தான். நோயாளியைப் பராமரிக்கிறவரின் சுமையை அளக்க ஸ்டீவன் ஜாரிட் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் 22 கேள்விகள் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. உங்களுக்கென்று நேரம் கிடைக்கிறதா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். நம் வீட்டில் ஒரே கேள்விதான்: “காபி ஆச்சா?”

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. கூப்பிடுவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள். வருகிறவர் மகனைப் பார்த்து, “சார், இந்தக் கையை இப்படிப் பிடிங்க, தினம் ரெண்டு வேளை செய்யணும்” என்று சொல்லித் தொலைத்தாலும் தொலைப்பார். அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போய்விடுவது உத்தமம்.

இத்தனைக்குப் பிறகும் அவளுடைய அம்மா ஒருநாள் வந்து, “பத்து நாள் வெச்சிருந்து அனுப்பறேன், சம்பந்தி” என்று பெட்டியைத் தூக்கிவிட்டால் பதற வேண்டாம். பகலுக்கு ஒரு ஹோம் நர்ஸ், ராத்திரிக்கு ஒரு அட்டெண்டர், சமையலுக்கு ஒரு அம்மா, துணி துவைக்க ஒரு ஆள் என்று நான்கு பேரைப் போட்டால் வீடு ஓரளவு நடக்கும். அவரவர் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கேயும் எழுதி மட்டும் வைக்காதீர்கள். மருமகள் பி.காம். படித்தவள், திரும்பி வந்ததும் கூட்டிப் பார்த்துவிடுவாள்.