என் கை என் கையில்தான் இருக்கிறது

அனுப்புநர்:
ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர்,
ஓர் இரும்புருக்கு ஆலை, சிப்காட் தொழிற்பேட்டை,
கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
மணிக்கட்டு கண்டறிதல் மற்றும் தானியங்கிப் பூட்டுப் பிரிவு,
பெயர் குறிப்பிடாத ஒரு ஸ்மார்ட்வாட்ச் நிறுவனம்.

பொருள்: உயிரோடு இருக்கும் மணிக்கட்டை இருப்பதாக ஏற்றுக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கடிகாரம் ஷிப்ட் முழுக்க அனுப்பிவரும் "பின் நம்பரைப் போடவும்" என்ற அறிவிப்புகள்.

ஐயா,

பார்வையில் கண்ட அறிவிப்புகள் தவறாமல் கிடைத்து வருகின்றன. மனு போட்டால் பதில் வராத அலுவலகங்கள் எங்களுக்குப் பழக்கம். நாங்கள் எதுவும் கேட்காமலே நாள் முழுக்க எங்களைக் கேள்வி கேட்கும் அலுவலகம் தங்களுடையதுதான். அந்தக் கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கை இன்னும் இருக்கிறதா?

கையைக் காணோம் என்றதும் கடிகாரம் போடும் பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து மூர் மார்க்கெட் போகும் மின்சார ரயிலில் காலையில் ஏறி இறங்குகிறவனுக்குப் பூட்டின் அருமை தெரியும். ஒருவன் கடிகாரத்தை உருவிக்கொண்டு பொன்னேரியில் இறங்கிவிட்டால், அதிலுள்ள என் செய்திகளை அவன் படிக்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள். நல்ல எண்ணம். ஆனால் அதே ரயிலில் கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்குகிறேன். கடிகாரம் முழங்கைப் பக்கமாக நாலு விரற்கடை சறுக்குகிறது. உடனே பூட்டிக்கொள்கிறது. திருடன் இன்னும் வரவில்லை. தண்டனை மட்டும் எனக்கு வந்துவிடுகிறது.

தங்கள் கருவியின் வேலையை நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதுகிலுள்ள சின்ன விளக்குகள் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சும். ரத்த ஓட்டத்துக்கு ஏற்பத் திரும்பி வரும் ஒளி கூடும், குறையும். அதை வைத்துத்தான் கடிகாரம் நாடியையும் பிடிக்கிறது, தான் ஒரு கையில் இருப்பதையும் தெரிந்துகொள்கிறது. ஏ.சி. அறையில் மௌஸைத் தவிர வேறெதையும் தள்ளாத கைக்கு இது போதும். எங்கள் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் பழைய இரும்பு சுமார் 1,600 டிகிரியில் உருகிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவன் கையில் முதலில் வியர்வை வரும், அப்புறம் வீக்கம், அதற்கும் அப்புறம்தான் நாடி.

இதற்கு மேல் ஒரு விசேஷம். சார்ஜரோடு ஒட்டிக்கொள்ள வசதியாகக் கடிகாரத்தின் முதுகில் காந்தம் வைத்திருக்கிறீர்கள். ஊரே இரும்புத்தூளைச் சுவாசிக்கும் தொழிற்பேட்டைக்குக் காந்தத்தை விற்ற தங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன். ஷிப்ட் முடிந்து கழற்றிப் பார்த்தால் சென்சரைச் சுற்றிக் கறுப்பாகத் தாடி முளைத்திருக்கிறது. அந்தத் தாடிக்குள்ளிருந்து அது என் ரத்தத்தைத் தேடுகிறது, பாவம்.

பின் நம்பர் போடுவது எப்படி என்பதையும் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். லேடிலில் உருக்கு இறங்கும் நேரம். வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது, மணிக்கட்டு அதிர்கிறது, கடிகாரம் பூட்டியிருக்கிறது. தோல் கையுறை போட்ட விரலைத் திரை மதிக்காது. கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுக்கிறேன். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை திரையில் விழுந்து, எனக்கு முன்னால் 7ஐ அழுத்திவிடுகிறது. தப்பு நம்பர். துடைக்கிறேன், துடைத்த விரல் இன்னொரு எண்ணை அழுத்துகிறது. மறுபடியும் தப்பு. சற்று நேரம் கழித்து முயலுமாறு கடிகாரம் அறிவுறுத்துகிறது. இதற்குள் வீட்டில் அழைப்பைத் துண்டித்துவிட்டு, "கையிலயே கட்டியிருக்காரு, எடுக்க மாட்டேங்கிறாரு" என்று முடிவுக்கு வந்திருப்பார்கள்.

தங்கள் உதவி மையத்தில் கேட்டேன். "இறுக்கமாகக் கட்டுங்கள் சார், ஆனால் வசதியாக இருக்கட்டும்" என்றார்கள். ஒரு ஓட்டையில் மாட்டினால் கை மரத்துப்போய் அடியில் வேர்க்குரு கிளம்புகிறது. அடுத்த ஓட்டையில் மாட்டினால் கடிகாரத்துக்குக் கண் தெரிவதில்லை. என் மணிக்கட்டு இந்த இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில் படைக்கப்பட்டிருக்கிறது. பஜாரில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் நடுவில் ஒன்று குத்தித் தரச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல் வாரா இருந்தா ஒரு நிமிஷ வேலை தம்பி. இது ரப்பர், கிழிஞ்சுரும். வேற வார் மாத்தலாம்னா இந்தக் கம்பெனி மாட்டல்ல வேற எதுவும் சேராது" என்றார். கண்டறிதலையே அணைத்துவிடலாமே என்றும் உதவி மையம் சொன்னது. அணைத்தால் பூட்டோடு சேர்த்து வேறு சில வசதிகளும் அணைந்துபோகின்றன. வலி நிற்க விரலையே எடுத்துவிடலாம் என்பது நல்ல வைத்தியம்தான்.

இது என் கைக்கு மட்டும் வந்த கோளாறு அல்ல. 2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, மணிக்கட்டில் பச்சை குத்தியவர்களின் கையில் அது அடிக்கடி பூட்டிக்கொள்வதாகப் புகார் எழுந்தது. பச்சையின் மையும் அடர்த்தியும் ஒளியை மறைக்கக்கூடும் என்று அந்த நிறுவனமே பிறகு விளக்கியது. கட்சிச் சின்னத்தையும் காதலி பெயரையும் கையில் குத்திக்கொள்ளும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 2018இல் சீனாவில் வேறு கூத்து: உடற்பயிற்சிப் பட்டையைக் கழிவறைக் காகித உருளையில் சுற்றினால் அதற்கும் நாடித்துடிப்பு காட்டுகிறது என்று படம் எடுத்துப் போட்டார்கள். ஆக, காகிதத்துக்கு நாடி உண்டு. ஃபர்னஸ் சூப்பர்வைசருக்குத்தான் சந்தேகம்.

என் குறை இதுதான். "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் தங்கள் கருவி "நீ இல்லை" என்று சொல்கிறது. அதன் பார்வைக் கோளாறுக்கு நான் பின் நம்பர் கட்ட வேண்டியிருக்கிறது. ஓய்வூதியம் வாங்கும் என் சித்தப்பாவை அரசு ஆண்டுக்கு ஒருமுறைதான் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிறது. 2020 அக்டோபரில் தமிழக ரேஷன் கடைகளில் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தோடு கைரேகை இயந்திரம் நடைமுறைக்கு வந்தபோது, உழைத்துத் தேய்ந்த விரல்களை அது ஏற்க மறுத்தது. பிறகு கருவிழியைப் பார்க்கும் கருவியையும் கொண்டுவந்தார்கள். விரல் தேயும் என்பது ரேஷன் கடைக்கே புரிந்துவிட்டது. கை வியர்க்கும் என்பது தங்களுக்கு எப்போது புரியும்?

எனவே பணிந்து கேட்டுக்கொள்வது:

1. அக்னி நட்சத்திரத்தில் தங்கள் பொறியாளர் ஒருவரை எங்கள் பி ஷிப்டுக்கு அனுப்பவும். ஹெல்மெட்டும் கையுறையும் நாங்கள் தருகிறோம். பின் நம்பரை அவர் போடட்டும்.

2. கை தெரியாவிட்டால் உடனே பூட்டாமல், என் பாக்கெட்டில் இருக்கும் போனைப் புளூடூத்தில் ஒரு வார்த்தை விசாரிக்கவும்.

3. வாரில் ஓட்டைகளை நெருக்கிப் போடவும். முடியாவிட்டால், எந்த வாரும் மாட்டும்படி செய்து அந்த வேலையைப் பஜார் அண்ணனிடம் விடவும்.

4. மேற்கண்ட எதுவும் இயலாதெனில், கிராம நிர்வாக அலுவலர் கையொப்பமிட்ட மணிக்கட்டு இருப்புச் சான்றைப் பின் நம்பருக்குப் பதிலாக ஏற்க ஆணையிடவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் அடிக்கடி இல்லாமல் போகும்
வாடிக்கையாளர்.

இணைப்பு: கடிகாரத்தின் முதுகிலிருந்து சேகரித்த இரும்புத்தூள் – ஒரு பொட்டலம். மணிக்கட்டை இணைக்க இயலவில்லை. நாளைக்கு ஷிப்ட் இருக்கிறது.