தபால்தலைச் சங்க இணையதளத்தில் ‘இங்கே’ என்னும் சுட்டு: ஓர் ஆய்வு

மாதக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள ஒருவர் சங்கத்தின் இணையதளத்துக்குள் நுழைந்தால், விடையோடு வெளியே வருவாரா? தமிழாய்வுலகம் இதுவரை தீண்டாத இந்த வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய். ஆய்வுக்களம், தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றிலுள்ள தபால்தலை சேகரிப்போர் சங்கம். அதன் பெயரைச் சொன்னால் நிர்வாகக் குழுவில் மூவர் பேச்சை நிறுத்திவிடுவார்கள் (செயலாளர், வாய்மொழி). சான்று காட்டாமல் ‘என்மனார் புலவர்’ என்று முடித்துவிடும் வசதி தொல்காப்பியருக்கு இருந்தது. இன்றைய ஆய்வாளருக்கு வாக்கியத்துக்கு ஓர் அடைப்புக்குறி இல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

களத்தின் இயல்பு முதலில். தபால்தலைக்காரரின் கண் சாதாரணக் கண் அல்ல. தலையின் ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்று அளவுகோல் வைத்து எண்ணுகிற கண் அது. பதின்மூன்றா, பதின்மூன்றரையா என்பதில் விலையே மாறிவிடும். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீர்க்குறி தேடுவார்கள். ஒரே சிவப்பில் நாலு சாயல் பிரித்து, அதில் எது மூத்தது என்று சண்டையும் போடுவார்கள். 1854இன் இந்திய நாலணாத் தலைகளில் சிலவற்றில் விக்டோரியா ராணியின் தலை தவறிப்போய்த் தலைகீழாக அச்சாகிவிட்டது. அந்தப் பிழைக்காகவே உலகம் அதைத் தேடுகிறது. இப்பேர்ப்பட்டவர்கள் கட்டிய தளத்தில்தான் வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்து.

நிறவியல். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டை அளக்க ஒரு கணக்கு உண்டு. வெள்ளையில் கறுப்பு 21. எழுத்தும் தாளும் ஒரே நிறம் என்றால் 1. 1999இல் முதலில் வந்து, 2023இல் 2.2ஆம் பதிப்பு கண்ட இணைய அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. வெள்ளையில் தூய மஞ்சள் 1.07. இந்த 0.07ஐச் சங்கம் எவ்வாறு ஈட்டியது என்பது தனி ஆய்வுக்குரியது. “மங்களகரமான கலர்” (பொருளாளர், வாய்மொழி, டீக்கடை வாசல், மழைக்கு முன்).

ஒலியியல். முகப்பைத் திறந்ததும் நாதஸ்வரம் தானாக ஒலிக்கும். நிறுத்தும் பொத்தான் உண்டு என்ப.

படவியல். எல்லாப் படங்களுக்கும் மாற்றுரை, ‘படம்’.

எழுத்தியல் சற்று விரிவானது. தளத்தின் பழைய பக்கங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. பாமினி கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். ரோமன் எழுத்தின் மேல் மாட்டிய தமிழ் முகமூடி. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு முகமூடி தெரியாது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் 2006இல் தொடங்கி, இன்றும் காசில்லாமல் கிடைக்கிற என்விடிஏ அப்படிப்பட்ட ஒன்று. உள்ளே இருப்பதை அது படிக்கும். ‘வணக்கம்’ சொல்லி வரவேற்க நினைத்த சங்கம், பார்வையற்றவர் காதில் டி, இசட், எஃப் என்று என்னவோ வைதுவிட்டுப் போகிறது. யூனிகோட் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. பிறகு 1999இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்கள். 2010இல் யூனிகோடோடு டேஸ் 16. எந்தக் குறியேற்றம் சாலச் சிறந்தது என்று அறிஞர்கள் மாநாட்டுக்கு மாநாடு கட்டுரை வாசித்தார்கள். அவற்றுள் சில பாமினியில் தட்டச்சானவையோ என்று ஐயுற இடமுண்டு (தட்டச்சுக் கடைக்காரர், பெயர் வெளியிட மறுத்தவர், பாக்கி வரவேண்டியிருப்பதால்).

வழியியல். ‘எங்களைப் பற்றி’க்குள் ‘வரலாறு’. அதற்குள் வெள்ளி விழா மலரின் பிடிஎஃப். மலர் முழுவதும் ஸ்கேன் செய்த படம். ஆகவே அதில் தேட முடியாது, படிக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. அதன் 7ஆம் பக்கத்தில், நிறுவனர் புகைப்படத்துக்கும் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் நடுவே, ‘பிரதி மாதம் இரண்டாம் ஞாயிறு’. மணி? அது கடைசிப் பக்கத்து நன்றியுரையில்.

இதைக் குறை என்பார் மரபறியாதார். செய்யுளின் 34 உறுப்புகளில் மாட்டு என ஒன்றைத் தொல்காப்பியம் சொல்கிறது: இயைய வேண்டிய பொருள் எட்டக் கிடந்தாலும் கொண்டுவந்து பொருத்துதல். முல்லைப்பாட்டுக்கு மொத்தம் 103 அடி. அதற்குள்ளேயே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எங்கோ கிடந்த அடியை எடுத்து எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அதற்காக அவரைக் கடிந்துகொண்டார். கிழமையை மலரின் நடுவிலும் மணியை வாலிலும் வைத்த செயலாளர் அந்த மரபின் வாரிசு. என்ன, நச்சினார்க்கினியர் பிரித்ததைச் சேர்க்கவும் செய்தார். செயலாளர் பிரித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

இனி, ஆய்வின் உயிர்நிலையான சுட்டியல்.

இணைப்புக்கும் சுட்டி, எலிக்கும் சுட்டி, அடங்காத பிள்ளைக்கும் சுட்டி என்று தமிழ் ஒரே சொல்லை வைத்துக் குடும்பம் நடத்துகிறது. முகப்புப் பக்கத்தில் சுட்டிகள் பதினொன்று. பதினொன்றின் பெயரும் ‘இங்கே சொடுக்கவும்’. கண்ணால் பார்ப்பவர் முன்பின் வாக்கியத்தை வைத்துச் சமாளித்துவிடுவார். என்விடிஏ வைத்திருப்பவர் பக்கம் முழுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. இன்செர்ட் விசையோடு எஃப் 7ஐ அழுத்தினால் சுட்டிகள் மட்டும் தனிப் பட்டியலாக வரும். சங்கத்தின் மூத்த உறுப்பினர், சர்க்கரையில் பார்வையை இழந்த ஓய்வுபெற்ற தபால்காரர், ஆய்வாளர் முன்னிலையில் அதை அழுத்தினார். இங்கே சொடுக்கவும். கீழம்பு. இங்கே சொடுக்கவும். கீழம்பு. இங்கே சொடுக்கவும். ஏழாவதில் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

“அட்ரஸ் இல்லாத லெட்டரை எல்லாம் நான் திருப்பி அனுப்பிச்சிருக்கேன் தம்பி” என்றார் செயலாளரிடம்.

இந்தக் கருத்து ஆய்வு நெறிக்கு உட்படாததாகையால் ஒதுக்கப்படுகிறது. அறிஞர் உலகம் இங்கு இரண்டு முகாம். ‘இங்கே’ என்பது அண்மைச் சுட்டு; விரல் படுகிற இடமே பொருள்; ஆகவே வழக்கு சரி என்பது முதல் முகாம் (துணைத்தலைவர், கையெழுத்துப் படி, மின்கட்டண ரசீதின் பின்பக்கம், முதல் வரி தொடங்கி எண்ணெய்க் கறை வரை). சொடுக்கியவுடன் போய்ச்சேர்வது வேறொரு பக்கம், எனவே ‘அங்கே சொடுக்கவும்’ என்றே பாடம் இருந்திருக்க வேண்டும் என்பது எதிர் முகாம் (பொருளாளர், மேற்படி ரசீதின் முன்பக்கம், ‘கட்ட வேண்டிய கடைசித் தேதி’க்கு நேர் மேலே பென்சிலில், கறை எண்ணெயன்று, நெய் என்று பாடபேதம் கொள்வாரும் உளர்).

இருவரும் மூன்றாம் சுட்டை மறந்தனர். தொல்காப்பியர் கணக்கில் சுட்டெழுத்து அகரமும் இகரமும் மட்டுமல்ல, உகரமும் உண்டு. தமிழ்நாடு அதைத் தொலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் உது, உவன், உங்கை என்று இன்றும் புழங்குகிறது. அங்கே ஒருவர் ‘உதை எடு’ என்றால் இதையும் அன்று, அதையும் அன்று. இப்போது பார்க்க: சுட்டியைச் சொடுக்கிய பிறகு 40 எம்பி பிடிஎஃப் எங்கே இருக்கிறது? இங்கேயும் வரவில்லை, அங்கேயும் நிற்கவில்லை, நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆதலால் ‘உங்கே சொடுக்கவும்’ என்பதே இலக்கண நெறி என இவ்வாய்வு நிறுவுகிறது. ஏற்கெனவே இதைக் கண்டவர் ஒருவர் உண்டு (உறுப்பினர் ஒருவரின் மைத்துனர், கொழும்பிலிருந்து தொலைபேசியில், இணைப்பு துண்டிக்கப்படுவதற்குச் சற்று முன், ‘உங்கே’ என்றாரா ‘உங்களுக்கே’ என்றாரா என்பதில் கேட்டவருக்கும் அவர் மனைவிக்கும் கருத்து வேறுபாடு, மனைவி பாடமே கொள்ளப்பட்டது).

இணைய அணுகல் வழிகாட்டியோ இத்தனையையும் விட்டுவிட்டு, சுட்டியின் பெயரிலோ அதை ஒட்டிய வாக்கியத்திலோ போகுமிடம் தெரிந்தால் போதும் என்று முடித்துக்கொள்கிறது. ‘ஜூன் மாத ஏலப் பட்டியல்’ என்று எழுதினால் தீர்ந்தது. முனைவர் பட்டத்துக்கு இதில் ஒன்றும் தேறாது.

ஆய்வு முடிவுகள் நிர்வாகக் குழு முன் வைக்கப்பட்டன. ‘உங்கே’ தீர்மானம் இரண்டுக்கு மூன்று என்று தோற்றது. பிறகு மூத்த உறுப்பினரிடம், “ஐயா, உங்களுக்கு என்ன மாத்தணும்?” என்று கேட்டார்கள்.

“கூட்டம் என்னிக்கு, எத்தனை மணிக்கு, எங்கே. இது மூணையும் எழுத்தாவே அடிச்சு மேலே போடுங்க தம்பி. போதும்.”

இது ஒருமனதாக ஏற்கப்பட்டு, குறிப்பேட்டிலும் ஏறியது. கையெழுத்து வாங்கும்போதுதான் துணைத்தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். ‘மேலே’ என்பது எதைக் குறிக்கிறது? ‘மேற்கூறிய’ என்றால் முன்னால் வந்தது. ‘மேல் சொல்லுதும்’ என்று உரையாசிரியர் எழுதினால் இனி வரப்போவது. ஒரே சொல் முன்னும் பின்னும் காட்டுகிறது. பக்கத்தின் தலையில் போடுவதா, வாலில் போடுவதா?

மூவர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அறிக்கை வரும் வரை மணி நன்றியுரையிலேயே இருக்கும்.