எரிமலைக் கடற்கரையில் சைக்கிள் பயணம்: ஓரிக்கையிலிருந்து கிளம்புவோருக்குச் சில யோசனைகள்

வெளிநாட்டுப் பயணப் பத்திரிகைகளில் ஒரு படம் அடிக்கடி வரும். ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில், அல்மேரியா மாகாணத்தில், காபோ தே காத்தா என்ற இடம். என்றோ அணைந்துபோன எரிமலையின் பாறைகள், கீழே நீலக் கடல், நடுவில் ஒரு சைக்கிள். 1987-இல் அதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். ஓட்டுகிறவர் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது.

அந்தப் படத்தைப் பார்த்து மனசு கெட்டுப்போன நம்மூர்க்காரர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் நின்று, உத்திரமேரூர் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பினால் போதும். எரிமலை, கடற்கரை, பூங்கா மூன்றும் வழியில் வரும். கொஞ்சம் தாராள மனசு மட்டும் கையோடு எடுத்து வரவும்.

அசல் எரிமலைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அந்தமான் போகலாம். இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அங்கே பாரன் தீவில் இருக்கிறது. ஆனால் அந்தத் தீவில் மனிதர் யாரும் குடியில்லை. டீக்கடை இல்லாத இடத்துக்கு சைக்கிளில் போவது அறிவுள்ளவன் செய்யும் காரியமில்லை.

1. வண்டி

கடையில் போய் 21 கியர் வண்டி கேட்காதீர்கள். பாதை சமதரை. ஏற்றம் என்று சொன்னால் பாலங்களும் ஏரிக்கரைகளும்தான். கியர் கேபிள் அறுந்தால் வழியில் யாரிடம் காட்டினாலும், “இதெல்லாம் மெட்ராஸ்லதான் சார் பாக்கணும்” என்ற பதில் வரும். இந்த வட்டாரத்துக்கு ஏற்ற வண்டி, 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள். தங்கை கல்லூரிக்குப் போன பிறகு அது திண்ணையோரம் சும்மா சாய்ந்திருக்கும். காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு எடுத்துக்கொள்ளவும். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கவும். பிடிக்கவில்லை என்றால், செருப்பு புதிதா என்று பார்க்கவும்.

2. சாமான்

பயண நூல்கள் கூடாரம், அடுப்பு, மூன்று ஜோடி கையுறை என்று நீளமாகப் பட்டியல் போடும். ஓரிக்கைக்காரர்களுக்கு அது தேவையில்லை. அவர்களுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். அரசனைப் பாட மறுத்த கணிகண்ணனைக் காஞ்சியை விட்டு விரட்டியபோது, குரு திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். ஆழ்வார் சொன்னார் என்று பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். அன்று ராத்திரி மூவரும் தங்கியது ஓரிக்கையில் என்பது தலபுராணம். பாற்கடலையே சொந்தமாக வைத்திருப்பவர் ஒரு படுக்கையோடு பயணம் போயிருக்கிறார். உங்களுக்கு ஒரு துண்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும் தாராளம்.

சாப்பாட்டுக்கு எனர்ஜி பார் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். மிளகு, சீரகம், சுக்கு போட்ட காஞ்சிபுரம் இட்லி இரண்டு துண்டு போதும். மந்தார இலையில் மடித்து வைத்தால் மத்தியானம் வரை கெடாது.

3. விசாரணைச் சாவடிகள்

காலை ஐந்தரைக்குக் கிளம்பினால், விடியும்போது பாலாற்றுப் பாலத்தின் மேல் இருப்பீர்கள். கீழே வருஷத்தில் பாதி நாள் மணல்தான். 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடியது, ஆகவே ஏளனமாகப் பார்க்க வேண்டாம். மாகறல் பக்கம் செய்யாற்றைக் கடக்க வேண்டும். அதற்குள் இரண்டு டீக்கடைகளாவது உங்களை மறிக்கும்.

“எங்கப்பா போற?”

“உத்திரமேரூருங்க.”

“பஸ்ஸு இல்லியா?”

“இருக்குங்க.”

“வண்டி இன்னாச்சி?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. சும்மா சைக்கிள்ல போலாம்னு…”

இந்த இடத்தில் கடையே அமைதியாகிவிடும். ‘சும்மா’ என்ற காரணம் இங்கே செல்லாது. உடற்பயிற்சி என்று சொன்னால், “களையெடுக்க ஆள் கிடைக்கல, வர்றியா?” என்று கேட்பார்கள். “டாக்டர் சொல்லிட்டார், சுகர்” என்று சொல்லிப் பாருங்கள். உடனே பெஞ்சில் இடம் கிடைக்கும், சர்க்கரை இல்லாத டீ வரும், சிறுகுறிஞ்சான் வைத்தியமும் இலவசமாகக் கிடைக்கும்.

4. முள், நெல், நாய்

இயற்கைப் பூங்காவில் தாவரமும் விலங்கும் இருக்க வேண்டும் அல்லவா? தாவரம்: வேலிக்காத்தான். அதன் முள் டியூபைத் துளைக்கும்போது சத்தம் வராது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் பின்சக்கரம் அப்படியும் இப்படியும் ஆடும். பஞ்சர் கடையில் அவசரப்படாதீர்கள். கடைக்காரர் டியூபை உருவி, அழுக்குத் தண்ணீர் பேசினில் ஒவ்வொரு சாணாக அமுக்குவார். ஓரிடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அங்கே தீக்குச்சியைச் சொருகி அடையாளம் வைப்பார், உப்புத்தாளால் தேய்ப்பார், சொலூஷன் தடவுவார், வாயால் ஊதி ஆறவைப்பார். பிறகு டயருக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவி முள்ளை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைப்பார்.

அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் பாதி நெல் காயும் களமாகிவிடும். ஓரங்களில் கல் வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏற்றினால் நெல்லுக்கும் கேடு, உங்கள் மானத்துக்கும் கேடு. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள், உங்களைவிட அதற்குத் தெம்பு அதிகம். இறங்கி நின்றால் அதற்கே வெட்கமாகித் திரும்பிவிடும். பெரும்பாலும்.

5. எரிமலை

உத்திரமேரூர் வட்டத்தில் திருமுக்கூடல், மதூர் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. இந்தப் பிராந்தியத்தின் கரும்பாறையைப் புவியியல்காரர்கள் சார்னோகைட் என்பார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் பல்லாவரத்துப் பாறை என்று கண்டு, 1893-இல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். இந்தப் பாறை எரிமலையாகக் கக்கியது கிடையாது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியாழத்தில், கொதிக்கும் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகியது. அன்று விட்டுப்போன வெடிப்பை இன்று தோட்டா வைத்து நாமே செய்துகொள்கிறோம். சாம்பலுக்கும் குறைவில்லை. புளியமரத்து இலையெல்லாம் வெள்ளை, வேலியெல்லாம் வெள்ளை, திரும்பும்போது உங்கள் மீசையும் வெள்ளை.

எரிமலைக் குழம்புக்கு வழிவிடும் முறை: பின்னால் ஏர்ஹாரன் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் மண்ணில் இறங்கிவிடவும். எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் போன பிறகு துண்டால் மூக்கை மூடி இருபது எண்ணவும். பிறகு மேலே ஏறலாம், அடுத்தது வருவதற்குள். அதே திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருமிடத்தில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. வீரராசேந்திரன் காலத்தில் இங்கே 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அன்று இந்தச் சாலையில் டிப்பர் ஓடவில்லை. அப்படியிருந்தும் ஆஸ்பத்திரி கட்டி வைத்திருந்தார்கள்.

6. தகுதிச் சோதனை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருக்கின்றன. வாரியத்துக்கு நிற்க வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்காரர்களுக்கும் இடமில்லை. குற்றத்துக்காகக் கழுதை ஏற்றப்பட்டவனுக்கும் இடமில்லை. சைக்கிள் ஏறியவனைப் பற்றிக் கல்வெட்டு ஒன்றும் சொல்லவில்லை, தைரியமாக உள்ளே போகலாம். ஏரியைக் கவனிக்க மட்டும் ஆறு பேர் கொண்ட தனி வாரியம் வைத்திருந்த ஊர் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பவும்.

7. கடற்கரை

அலையில்லாத கடல் வேடந்தாங்கலில் இருக்கிறது. இப்போது செங்கல்பட்டு மாவட்டக் கணக்கு. 30 ஹெக்டேர் ஏரி. பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட, 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை ராமரும் லட்சுமணரும் காவல் காத்ததாகச் சொல்லும் கதையில் வருகிற அதே துரைதான். 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். மே மாதம் போனால் பார்க்கக் கிடைப்பது சேறு. தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். பாம்புத்தாரா இறக்கையை விரித்து வெயிலில் உலர்த்தும். கரையில் நின்று கைதட்டி அவற்றைப் பறக்கவிட்டுப் படம் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஸ்பெயினுக்கே போகலாம். எச்சம் கலந்த இந்த ஏரித் தண்ணீர்தான் ஊர் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊரில் கைதட்டலும் அதிகம்.

8. திரும்பி வருவது

வந்த வழியே மிதிக்க முடியாதவர்களுக்கு: இப்போதைய பஸ்களின் கூரையில் சைக்கிள் ஏற்ற ஏணி கிடையாது. காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் குட்டி யானை எதையாவது கைகாட்டி நிறுத்தவும். பேரம் ஏறிய பிறகு வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசி யோசனை நெடுஞ்சாலைத் துறைக்கு. நம்மைப் போல் வேடிக்கைக்கு மிதிப்பவர்கள் இந்த வழியில் சிலர்தான். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள், பால் ஊற்றுகிறவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள் தினமும் டிப்பருக்கு இறங்கி, தூசு அடங்கியதும் ஏறிப் போகிறார்கள். அரசு சைக்கிளை இலவசமாகக் கொடுக்கிறது. அதை ஓட்ட, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு கெஜம் தார் போட்டுக் கொடுத்தால் அந்த இலவசம் முழுமையாகும்.