மேக்ரோ சார்

சிறுவாச்சூருக்குத் திங்களும் வெள்ளியும்தான் கிழமை. விசேஷ நாட்களை விட்டால், மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது அந்த இரண்டு நாளில்தான். வேன் வேனாக வந்து இறங்கும் குலதெய்வக்காரர்கள், ஊறவைத்த அரிசியை அங்கேயே இடித்து மாவிளக்குப் போடுவார்கள். ஊரே அம்மனை எட்டிப் பார்க்க முண்டியடிக்கும்போது, ஒருவர் மட்டும் பூக்கடை ஓரம் சாமந்திக் கூடை முன்னால் குத்துக்காலிட்டிருப்பார்.

“ஏம்மா, அதை விரட்டாதே. இன்னும் கண்ணு விழலை.”

“வாங்கறதுன்னா வாங்குங்க சார், இல்லன்னா எந்திரிங்க. கொட்டிச்சுன்னா சுண்ணாம்பு நாந்தான் தடவணும்.”

இவர்தான் மேக்ரோ சார். பெயர் வேண்டாம், இந்த வகையறா இப்போது ஊருக்கு ஒருவர் இருக்கிறார். ஓய்வுப் பணத்தில் மற்றவர்கள் மாடி எடுப்பார்கள், இவர் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் எடுத்தார். வீட்டம்மாவிடம் சொன்ன விலைக்கு அந்த லென்ஸின் மூடி கிடைக்கும்.

இட்லித் துணியைக் காணோம் என்று வீட்டம்மா தேடினால், அது ஃபிளாஷ் வெளிச்சத்தை மட்டுப்படுத்த ரப்பர் பேண்டு போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டால் மா. கிருஷ்ணன் கதை வரும். காட்டுயிர்களைப் படமெடுக்க, பல கருவிகளின் பாகங்களைக் கோத்துத் தாமே ஒரு கேமராவைக் கட்டி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்த மகானுபாவர் அவர். “அவர் வீட்டு இட்லித் துணி தப்பிச்சுதா?” என்ற கேள்விக்குத்தான் இதுவரை பதில் இல்லை.

சாரின் கஷ்டமும் சாமானியமானதல்ல. பூச்சியை அசல் அளவில் சென்சாரில் விழவைக்கும் நெருக்கத்தில், எஃப் 8 வைத்தாலும் துலக்கமாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கண் தெளிந்தால் கால் மங்கும், கால் தெளிந்தால் கண் மங்கும். தேனீயோ நொடிக்கு 200 தடவைக்கு மேல் சிறகடிக்கும் ஜாதி. ஆகவே மூச்சை அடக்குகிறார். அடக்கிய அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால், “என்னா சார், மோதிரம் விழுந்துடுச்சா?” மூச்சும் போகிறது, தேனீயும் போகிறது.

மக்காச்சோளம் பூவெடுத்தால் விடியற்காலையில் கொல்லைக்குள் இறங்கிவிடுவார். மலைத்தேனீயும் கொம்புத் தேனீயும் மகரந்தம் வழிக்க வரும் நேரம் அது. 2018-இல் படைப்புழுவிடம் மக்காச்சோளத்தைப் பறிகொடுத்த மாவட்டம் இது. சோளத்துக்குள் கேமராவோடு குனியும் ஆளை விவசாயி வேறு யாரென்று நினைப்பார்? “கணக்கெடுத்தாச்சா சார், நிவாரணம் எப்ப வரும்?” தேனீ எடுக்க வந்தேன் என்று சொல்ல சாருக்கு வாய் வராது. “மேலிடத்துக்குச் சொல்றேன்” என்பார். மேலிடம் பாவம், அடுப்படியில் இருக்கிறது.

இதே மாவட்டத்தில், சாத்தனூரில், 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. பன்னிரண்டு கோடி வருஷமாம். ஒரு தரம்கூடப் புரண்டு படுக்கவில்லை. “அதை எடுங்களேம்ப்பா, ஆடாம அசையாம இருக்கும்” என்றான் மகன். “அதுக்குக் கண்ணுல முடி இல்லையேடா” என்றார்.

தேனீக்கு இருக்கிறது. இமையில் அல்ல, கண்ணிலேயே. எனக்கும் காட்டினார்: துளசிக் கதிரில் ஓர் அடுக்குத் தேனீ. கருங்கண் முழுக்கப் பொடிமயிர், அதில் உப்புக்கல் போல இரண்டு மூன்று மகரந்தத் துகள். பின்னங்காலில் மஞ்சள் உருண்டை. உச்சந்தலையில் தனியாக மூன்று குட்டிக் கண்கள். ஆக ஐந்து கண்ணால் அது பார்த்த பார்வையில், நான்தான் முதலில் தலையைத் திருப்பினேன். மனிதர் கிறுக்கு என்று சொல்லிவிட்டுப் போக அதன்பிறகு எனக்கு மனம் வரவில்லை.

நீலப்பட்டைத் தேனீயில் ஆண்களுக்கு வீடு வாசல் கிடையாது. பொழுது சாய்ந்தால் காய்ந்த குச்சி ஒன்றை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கியே தூங்கும். (“ரிட்டயர் ஆனதுகளா?” – வீட்டம்மா.) தேனீக்குச் சிவப்பு தெரியாது என்பதால் டார்ச்சில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டு, வேலிக்குள் தலையை விட்டுக் காத்திருப்பார். கோயில் கதையே ஒரு மந்திரவாதியை அம்மன் அழித்த கதை. அப்பேர்ப்பட்ட ஊரில், இருட்டில், செவ்வெளிச்சத்தில், முணுமுணுத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால்? வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அப்பாயி வேலியோரம் பூசணிக்காயே உடைத்துவிட்டது.

போன வைகாசியில் பேரனுக்குக் காதுகுத்து. “கேமரா வீட்டுலயே இருக்கு, போட்டோக்காரர் எதுக்கு?” என்று சிக்கனம் பார்த்தவர் சம்பந்தி. ஆல்பம் வந்தது. ஆசாரியின் கட்டைவிரல் ரேகை. காது மடலின் பூனைமுடி. தோட்டுத் திருகில் ஒட்டிய சந்தனம். அழுத பிள்ளையின் இமையில் ஒரு சொட்டு, அந்தச் சொட்டுக்குள் தலைகீழாகப் பந்தல்.

பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமனை, அதாவது சம்பந்தியின் சொந்த மகனை, எந்தப் பக்கத்திலும் காணோம்.

“இருக்காரே சம்பந்தி” என்று சார் விரல் வைத்துக் காட்டினார். “பின்னாடி பச்சையா, மங்கலா தெரியுது பாருங்க. மாப்பிள்ளை சட்டை.”